ஓடைமுனைக்குத் தபாலில் வந்த பனி

மாசி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, ஓடைமுனை அஞ்சலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஆனைமடுவிலிருந்து வந்த உறையைச் செலஸ்தீனா கத்தரிக்கோலால் ஓரம் வெட்டித் திறந்தபோது, அதற்குள்ளிருந்து பனி வந்தது. முதலில் ஊதுபத்திப் புகை அளவுக்கு வந்து, பிறகு சோறு வடிக்கும்போது எழும் ஆவி அளவுக்கு வந்து, பிறகு அளவென்று எதையும் சொல்ல முடியாதபடிக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷினை மூடி, வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, அஞ்சலகத்தின் சிவப்புப் பெட்டியை மறைத்து, மாதா கோயில் தெருவில் இறங்கி, படகுத்துறை வரை போய், அங்கே கடலைப் பார்த்துத் தயங்கி நின்று, பிறகு திரும்பி உப்பளங்களின் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. தபாலைக் கொடுத்துவிட்டுக் கடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தபால்காரர் தளவாய், சொம்பைக் கீழே வைத்து, கர்சீப்பை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "மலைத் தபால்னா கொஞ்சம் குளிரத்தாம் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

அவ்வளவுதான் நடந்த ஆச்சரியம். அது எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஓடைமுனையில் பதில் சொல்ல ஆள் கிடையாது. கேட்பவர்களும் அந்த ஊரில் அதிகம் கிடையாது. உப்பும் மீனும் தவிர வேறு எதையும் ஆராய்ந்து பழக்கப்பட்ட ஊரல்ல அது.

செலஸ்தீனாவுக்கு நாற்பத்தேழு வயது. அப்பா விட்டுப்போன கடையில் ஊராரின் ஆதார் அட்டைகளையும் பட்டாக்களையும் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டே, கூட்டமில்லாத நேரத்தில் படம் வரைவாள். ஊரில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர், பார்த்த அத்தனை பேரும் "இது என்ன, நண்டா?" என்றுதான் கேட்டார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பத்திரிகையின் பின்னட்டையில் அவள் ஓர் அறிவிப்பைப் பார்த்தாள். அஞ்சல் கலை என்று ஒன்று உலகத்தில் நடக்கிறது, கார்டிலும் உறையிலும் படம் போட்டு முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புங்கள், வந்ததன் மேல் நீங்களும் எதையாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள், விற்காதீர்கள், முகவரி தவிர ஒரு சொல்லும் எழுதாதீர்கள், முதலில் சொல் எழுதியவர் ஆட்டத்தை விட்டவர் ஆவார் என்று போட்டு, கீழே பன்னிரண்டு முகவரிகள் கொடுத்திருந்தார்கள். பத்திரிகை மூன்று இதழோடு நின்றது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கல்யாணம், வேலை, சலிப்பு என்று கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது கடலோரத்தில் இவளும், மலைமேல் ஆனைமடு ஏரிக்கரையில் படகுச் சவாரிக்கு டிக்கெட் கொடுக்கும் தில்ஷாத்தும்தான். தில்ஷாத் ஒட்டி அனுப்பும் கிழிந்த டிக்கெட்டுகளையும் உறையின் பின்னால் குத்தும் படகுத்துறை ரப்பர் முத்திரையையும் வைத்துத்தான் அவள் வேலை என்னவென்றே செலஸ்தீனாவுக்குத் தெரியும். குரல் தெரியாது, முகம் தெரியாது, வயது தெரியாது.

ஆனால் தெரியாதது அவ்வளவுதான். அப்பா இறந்த வாரம் செலஸ்தீனா ஒரு வெறும் நாற்காலியைக் கறுப்பு மையில் வரைந்து அனுப்பினாள். பத்து நாளில் அதே கார்டு திரும்பி வந்தது. நாற்காலியில் ஓர் ஏரி முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. ஊர் மொத்தமும் வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கார்டைப் பார்த்த பிறகுதான் யாரோ வந்து கேட்டதுபோல அவளுக்கு இருந்தது, அன்றைக்குத்தான் அழுதாள்.

முதல் பனி இரண்டு நாள் நின்றது. அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தில்ஷாத்தின் தபால் வரும்போதெல்லாம் பனியும் வந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியது. ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. டீக்கடை மிக்கேல் சுக்குக் காப்பி போட ஆரம்பித்தார், குரங்குக் குல்லா விற்க டவுனிலிருந்து ஒருவன் வந்து பஸ் நிறுத்தத்தில் கடை விரித்தான், ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே நடந்து வந்தார், தெருவில் போகிறவர்களுக்கு எந்தத் தெருவில் போகிறோம் என்று தெரியட்டும் என்பதற்காகப் பங்குச் சாமியார் கால் மணிக்கு ஒரு தடவை கோயில் மணியை அடிக்கச் சொன்னார், கரையிலிருந்து படகு வரைக்கும் மீனவர்கள் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டே போய்வந்தார்கள், கல்யாணப் பத்திரிகைகளில் "பனி இருந்தால் மண்டபத்தில், இல்லாவிட்டால் பந்தலில்" என்று அச்சடித்தார்கள். முப்பது வருடமாக வேலித் தகராறில் முகம் பார்க்காதிருந்த இரண்டு குடும்பங்கள், பனிக்குள் யாரென்று தெரியாமல் நலம் விசாரித்துக்கொண்டு, பனி விலகியதும் வெட்கப்பட்டு மறுபடியும் சண்டை போட்டுக்கொண்டன. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ஓடைமுனைக்குப் பனி புளிக்கவில்லை.

உப்புக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பனி பாத்தியில் படுத்தால் உப்பு எழுந்திருக்காது. மாசி முடிந்து, பங்குனி முடிந்து, சித்திரையும் பிறந்து, வெயில் மண்டையைப் பிளக்க வேண்டிய நாட்களில் உப்பளத்துப் பாத்திகளில் கடல்நீர் குளித்துவிட்டு விட்ட தண்ணீர்போலச் சும்மா கிடந்தது. நாலாவது தபாலுக்கு அப்புறம் எதிர்வீட்டுப் பேச்சித்தாய் கடைக்கு வந்தாள். இருபத்தாறு வருடமாக உப்பு வாரிய பெண்பிள்ளை அவள், உள்ளங்கால் இரண்டும் வெடித்து வெள்ளையாக இருக்கும். செலஸ்தீனாவுக்கு அந்த ஊரில் ஒட்டுறவு என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

"ஏ செலஸ்தீ, அந்த மலைக்காரிகிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுட்டி. எட்டு நாளா அளத்துல சோலி இல்ல."

"சொல்லுதேன் அக்கா."

"எப்பச் சொல்லுவ?"

"அடுத்த கார்டுல."

சொல்லத்தான் செய்தாள். ஆனால் சொல் இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கார்டு முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு பெரிய சூரியனைப் போட்டு, அதன் கீழே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களை அடுக்கி அனுப்பினாள். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இந்த வெயிலில் எப்படித்தான் இருக்கிறாளோ என்று தில்ஷாத் நினைத்திருக்க வேண்டும். சூரியன் மேல் மெல்லிய சாம்பல்நிறத் துணியை ஒட்டி, உப்புக் குவியல்களைப் பனிமூடிய மலைகளாக மாற்றி, முன்னைவிடக் கனமான உறையில் வைத்து அனுப்பியிருந்தாள். ஆறு நாள் பனி.

செலஸ்தீனா பல்லைக் கடித்துக்கொண்டு, வாய் தைக்கப்பட்ட ஓர் உறையைச் செய்து அனுப்பினாள், கறுப்பு நூலில், பெரிய பெரிய தையலாக. தில்ஷாத் அந்தத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதே ஓட்டைகளில் பட்டுநூல் கோத்துப் பூவேலை செய்து திருப்பினாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. செலஸ்தீனாவுக்கு அதைக் கிழித்துப்போட வேண்டும்போலவும் இருந்தது, நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, இரண்டையும் செய்ய முடியாதபடி கண்ணுக்கு முன்னால் கையே தெரியாமல் பனி நின்றது.

மூன்றாவதாக ஒரு காலி உறையை அனுப்பினாள். உள்ளே ஒன்றுமில்லை, வெளியே முகவரி மட்டும். போதும், இனி ஒன்றுமில்லை, என்பது இதற்கு மேல் எந்தக் கழுதைக்கும் விளங்காமல் இருக்காது என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் போட்டாள்.

அந்த உறை திரும்பி வந்தபோது அதைத் தூக்கத் தளவாய்க்கு இரண்டு கை வேண்டியிருந்தது. பதினோரு நாள் பனி நின்றது. கருவாடு காயவில்லை, வற்றல் காயவில்லை, துவைத்த துணி காயவில்லை, உப்பளங்களில் நூற்றி எழுபது பேருக்கு வேலையில்லை. பன்னிரண்டாம் நாள் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது.

"ரெண்டு வரி எழுதிப் போட்டா முடிஞ்சுது" என்றாள் பேச்சித்தாய். "படம் போடுதாளாம் படம். எழுத்து தெரியாதவளா நீ?"

"எழுதினா அதோட முடிஞ்சிரும் அக்கா. அதான் ஆட்டம்."

"முடிஞ்சா என்ன?"

செலஸ்தீனாவுக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. உங்கள் எல்லோருக்கும் நண்டாகத் தெரிவது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் என்னவென்று தெரியும், அவளும் போய்விட்டால் நான் வரைவதைப் பார்க்க இந்தப் பூமியில் ஒரு கண் கிடையாது என்பதுதான் பதில். அதை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நூற்றி எழுபது பேர் முன்னால் எந்த வாயால் சொல்வது?

"தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற செலஸ்தீ" என்றாள் பேச்சித்தாய். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

அங்கேயே ஒரு கார்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரே சுற்றி நின்று பார்க்க எழுதினாள். முதலில் 'நீ' என்று போடுவதா 'நீங்கள்' என்று போடுவதா என்று தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. இரண்டும் வராதபடி, "பனி அனுப்ப வேண்டாம். இங்கே உப்பு விளையவில்லை. செலஸ்தீனா" என்று எழுதினாள். மொட்டையாக இருக்கிறது, மேலே 'அன்புள்ள' போடு என்றார் சாமியார். 'தயவுசெய்து' சேர்க்கலாம் என்றார் மிக்கேல். பின்கோடு சரியா என்று தளவாய் பார்த்தார். செலஸ்தீனா எதையும் சேர்க்காமல் எழுந்துபோய், தன் கையாலேயே அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

பதினோராம் நாள் பதில் வந்தது. வெறும் மஞ்சள் கார்டு. படம் இல்லை, ரப்பர் முத்திரை இல்லை, டிக்கெட் துண்டு இல்லை. நடுவில் நீல பால்பாயிண்ட் பேனாவால், "சரி." என்று எழுதியிருந்தது, பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளியோடு. செலஸ்தீனா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். கார்டு காய்ந்த கருவாடுபோல அவ்வளவு உலர்ந்திருந்தது.

வெயில் வந்தது. விட்ட நாட்களுக்கும் சேர்த்துக் காய்ந்தது. பாத்திகளில் உப்பு பூத்து, குவியல் குவியலாக ஏறி, லாரிகள் வந்து நின்றன. பேச்சித்தாய் முதல் உப்பில் ஒரு படி கொண்டுவந்து கடை மேஜையில் வைத்து, "மனசுல வச்சுக்காத" என்றாள். செலஸ்தீனா வைத்துக்கொண்டாள்.

ஆனி முடிவதற்குள் ஊருக்குப் புழுங்க ஆரம்பித்தது. முதலில் மிக்கேல் வந்தார், ஒரு போட்டோ காப்பி எடுக்கிற சாக்கில். ஒரு சின்னக் கவர் மட்டும் வரவழைக்க முடியுமா, திருவிழா வாரத்துக்கு மட்டும், சுக்கு நிறைய மிஞ்சிக் கிடக்கிறது என்றார். அடுத்து, ஒரு பிள்ளைவீட்டார் பந்தலில் பனி நின்றால் வீடியோவில் நன்றாக விழும் என்று வந்தார்கள். சாமியார் ஆள் அனுப்பினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் ஒரு நாள் மதியம், உப்புநீரில் நின்று நின்று கால் இரண்டும் புண்ணாகி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பேச்சித்தாயே வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் கேளேன் செலஸ்தீ. ஒரே ஒரு நாள். அளத்துக்கு லீவு நாள்தானே. இந்தக் காலை ஒரு நாள் குளிர்ல நீட்டிப் போட்டா உயிர் வந்துரும்."

செலஸ்தீனாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் அவள் ஆயுளில் வந்ததில்லை. "எழுதச் சொன்னதே நீங்கதானே! ஊரே சுத்தி நின்னு எழுத வச்சீங்க. இப்பக் கேளுன்னா யார்கிட்டக் கேப்பேன்? எனக்கு அங்க யாரு இருக்கா?" என்று கத்தினாள். கத்தும்போதே பேச்சித்தாயின் காலைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு கோபத்தை யார் மேல் வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. ஷட்டரை இழுத்து மூடினாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். பனி கேட்பதற்காக அல்ல. அந்த 'சரி' என்ன சரி என்று கேட்பதற்காக. டவுனில் ஒரு பஸ் மாறி, அடிவாரத்தில் ஒரு பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வாந்தியெடுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு ஆனைமடுவில் இறங்கினாள். இறங்கியதும் போர்த்திக்கொள்ள எடுத்துவந்த போர்வையைப் பையிலேயே விட வேண்டியிருந்தது. ஊர் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்வெட்டர் கடைகள் பாதி மூடியிருந்தன. திறந்திருந்த ஒரு கடைக்காரர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க குளிரும்னு சொன்னாங்களே அண்ணாச்சி?"

"குளிருச்சு. டிக்கெட் கவுண்டர்ல ஒரு புண்ணியவதி இருக்கு, இந்த வருஷப் பனி மொத்தத்தையும் யாருக்கோ கவர்ல போட்டு அனுப்பிருச்சு. நாங்களும் எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்தோம், மனு குடுத்தோம். கேக்குறவங்களுக்கு இல்லேன்னு சொல்ல மாட்டேன்னுட்டுது. சீசனே போச்சு." அவருக்கு அது எரிச்சலாக இருந்ததே தவிர அதிசயமாக இல்லை. "ஸ்வெட்டர் பாக்குறீங்களா? பாதி விலைக்குத் தர்றேன்."

செலஸ்தீனா ஏரிக்கரைக்கு நடந்தாள். கவுண்டரில் வரிசை இல்லை. கம்பி வலைக்குப் பின்னால் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் சாம்பல்நிறத் துப்பட்டா, நகக்கண்களில் நீல நிறம்.

"எத்தனை பேரு?" என்றாள் நிமிராமல்.

"ஒருத்தர்."

"ஒருத்தருக்குப் படகு எடுக்க மாட்டாங்க. இன்னும் மூணு பேர் வரட்டும், நில்லுங்க."

நின்றாள். அரைமணி நேரம் யாரும் வரவில்லை. கடைசியில் வலைக்குப் பக்கத்தில் போய், "நான் ஓடைமுனை செலஸ்தீனா" என்றாள்.

தில்ஷாத் டிக்கெட் கட்டை மூடி, அதன்மேல் ஸ்டாம்ப் பேடை எடுத்து வைத்தாள். "பதில் போட்டேனே. வரலியா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"எங்க ஊர்ல உப்பு விளையல. நூத்தி எழுபது பேருக்கு வேலையில்ல. மூணு தடவை உங்களுக்குச் சொன்னேன். சூரியன் போட்டேன், வாயைத் தச்சு அனுப்பினேன், காலிக் கவர் அனுப்பினேன். எதுவும் விளங்கலையா உங்களுக்கு?"

"விளங்குச்சே. வெயில்ல வேகுறேன்னு சொன்னீங்க. யார்கிட்டயும் வாய் தொறக்க முடியலன்னு சொன்னீங்க. அப்புறம் காலிக் கவர் வந்துச்சு. காலியா ஒரு கவர் அனுப்பினா என்ன அர்த்தம்? என்கிட்ட இனி ஒண்ணுமே இல்லேன்னுதானே?" என்றாள் தில்ஷாத். "ஊரே வாசல்ல நின்னு ஏசுது. நான் படகுல போய் இந்த ஏரிமேல மிச்சம் இருந்ததை எல்லாம் வழிச்சு அந்தக் கவர்ல போட்டு அனுப்பினேன். இப்ப எனக்கே இல்ல. அதுக்கப்புறம்தான் உங்க கார்டு வருது, அனுப்ப வேண்டாம்னு. நான் என்னன்னு எழுதுவேன்? சரின்னு எழுதினேன்."

செலஸ்தீனா கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் தன்னை விளங்கிக்கொண்டவள் என்று அவள் நம்பிய ஒரே ஆள், அவள் சொன்ன மூன்றையும் முழுக்கத் தப்பாக விளங்கிக்கொண்டு, அந்தத் தப்புக்காகத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுதினால் ஆட்டம் முடிந்துவிடும் என்று இழுத்து இழுத்து, எழுதிய அன்றைக்கு முடிவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

"இனி கார்டு போட மாட்டீங்களா?" என்றாள்.

"எழுதியாச்சே. நீங்களும் எழுதிட்டீங்க, நானும் எழுதிட்டேன்." தில்ஷாத் கவுண்டரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். செலஸ்தீனா நினைத்திருந்ததைவிடக் குட்டையாக இருந்தாள். கிட்டே வந்ததும் அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் வெளியே வந்தது. "இப்ப வந்தீங்கல்ல பஸ் ஏறி? அதை முதல் கவர் வந்தப்பவே வந்து வாயால சொல்லியிருந்தா என்ன? எழுதத்தானே கூடாதுன்னு போட்டிருந்தான். பேசக்கூடாதுன்னு எவன் போட்டான்?"

செலஸ்தீனா யோசித்துப் பார்த்தாள். யாரும் போடவில்லை. காலையில் ஏறினால் பிற்பகலில் வந்து சேரும் தூரத்தில் ஒன்பது வருடம் ஒருத்தி இருந்திருக்கிறாள், ஒரு தடவைகூட, சும்மா வேடிக்கைக்குக்கூட, அவளுக்கு அது தோன்றவில்லை. அழுகையாக வந்தது. தன் கன்னத்திலேயே ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது.

"நீ வந்திருக்கலாமே" என்றாள் கடைசியில், 'நீ' என்று வந்துவிட்டதைக் கவனிக்காமல்.

"வந்திருக்கலாம்" என்றாள் தில்ஷாத்.

இருவரும் படகுத்துறைப் படிக்கட்டில் ஒரு முழ இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். ஏரியின் மறுகரை வரை, அங்கே மேயும் குதிரைகளும் அதற்குப் பின்னால் உள்ள மரங்களும் வரை, எல்லாம் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.